கேலக்ஸி எஸ்25-ஆ, பிக்சல் 9-ஆ? ஒரு முடிவுக்கு வர உதவுங்கள்

மழைக்காகிதம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடத்துக்கு மேலாக ஒரே போனை வைத்திருக்கிறேன். சின்ன போன், 148 கிராம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும், அதனாலேயே அதை விட மனசு வரவில்லை. ஆனால் இனி இழுக்க முடியாது. மதியம் இரண்டு மணிக்கே பேட்டரி சிவப்பாகிவிடுகிறது, பாதுகாப்பு அப்டேட் வருவது நின்று வெகுநாள் ஆயிற்று, போன வாரம் வங்கி ஆப் வேறு இந்த ஆண்ட்ராய்டில் இனி ஓடாது என்று ஒரு அறிவிப்பைக் காட்டியது.

ஒரு மாதமாகத் தேடிப் படித்து கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறேன். சாம்சங் கேலக்ஸி எஸ்25, கூகுள் பிக்சல் 9. இரண்டிலும் 12 ஜிபி ராம், இரண்டுக்கும் ஏழு வருட அப்டேட், இரண்டுமே தண்ணீருக்கு ஐபி68. திரை ஒன்று 6.2 அங்குலம், இன்னொன்று 6.3. நான் பார்க்கிற இடத்தில் இரண்டின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் காசை வைத்தும் முடிவெடுக்க முடியவில்லை.

நான் ஆசிரியை. தினமும் விடைத்தாள், நோட்டுப் பக்கம் என்று நிறைய படம் எடுப்பேன். மகள் நடனம் ஆடுகிறாள், அவள் மேடை ஏறும்போது எனக்கு எப்போதும் பின்வரிசையில்தான் இடம் கிடைக்கும். இரவு படுத்தபடியே ஒரு மணி நேரம் போனில் படிப்பேன். கேம் பக்கம் போகவே மாட்டேன். வாங்கினால் அடுத்த ஆறேழு வருடம் இதுதான். உங்களில் யாராவது இரண்டையும் கையில் வைத்துப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.


திருப்புளி

டீச்சர், நான் போன் பழுதுபார்க்கிறவன். பேட்டரி மட்டும்தான் பிரச்சினை என்றால் அதை மாற்றிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். ஆனால் அப்டேட் நின்ற போனில் வங்கி ஆப் வைத்திருப்பதை என்னால் ஆதரிக்க முடியாது. அதனால் மாற்றுவது சரிதான்.

ஏழு வருடம் என்பதை மட்டும் கவனமாகப் படியுங்கள். அது நீங்கள் வாங்கும் நாளிலிருந்து எண்ணுவதில்லை, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவது. பிக்சல் 9 வந்தது 2024 ஆகஸ்ட், அதனால் 2031 ஆகஸ்ட் வரை. எஸ்25 வந்தது 2025 பிப்ரவரி தொடக்கத்தில், அதனால் 2032 தொடக்கம் வரை. ஐந்து மாதத்துக்கும் கொஞ்சம் மேல் வித்தியாசம், பெரிய விஷயமில்லை. ஆனால் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் ஏமாறுவதை வாரா வாரம் பார்க்கிறேன்.

இன்னொன்று, ஏழு வருடம் ஒரே பேட்டரியில் ஓடும் என்று நினைக்காதீர்கள். இரண்டிலுமே நடுவில் ஒரு தடவை மாற்ற வேண்டிவரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, 800 தடவை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும். தினம் ஒரு சுற்று என்று வைத்தால் 800 சுற்று இரண்டேகால் வருடத்தில் முடிந்துவிடும். அது குறைந்தபட்ச அளவுதான், நல்ல போன்கள் அதைத் தாண்டும், ஆனால் ஏழு வருடம் தாண்டாது. அதனால் வாங்குவதற்கு முன்னால் உங்கள் பக்கத்தில் எந்த போனுக்கு அசல் பேட்டரியும் அதை மாற்றத் தெரிந்த ஆளும் கிடைக்கும் என்று விசாரியுங்கள். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் இது இருந்தால், மற்ற எதையும் பார்க்க வேண்டாம், அதை வாங்குங்கள்.


மின்னல்

எஸ்25 தான், யோசிக்கவே வேண்டாம். அதில் இருக்கும் சிப் ஸ்னாப்டிராகன் 8 எலைட், பிக்சல் 9-இல் டென்சர் ஜி4. எல்லாக் கோர்களும் சேர்ந்து ஓடும் சோதனைகளில் முன்னது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். உள்சேமிப்பும் எஸ்25-இன் 256 ஜிபியில் யூஎஃப்எஸ் 4.0 என்ற வேகமான புதிய தரம், பிக்சல் 9-இல் பழைய 3.1. விலை ஒன்றாக இருக்கும்போது பாதி வேகத்துக்கு ஏன் அதே காசைக் கொடுக்க வேண்டும்?


பூட்டுச்சாவி

மின்னல், அவர் கேம் ஆடுவதில்லை என்று எழுதியிருக்கிறாரே. விடைத்தாளைப் படமெடுக்க எந்தச் சிப்பும் போதும். மூன்று வருடம் பழைய சிப்பில் இருக்கிற என் போனே வாட்சப்பையும் உலாவியையும் நொடியில் திறக்கிறது.

நான் பிக்சல் பக்கம். காரணம் சொல்கிறேன். ஒன்று, முகத்தைக் காட்டித் திறக்கும் வசதி. சாம்சங்கில் முகத்தைக் காட்டிப் பூட்டைத் திறக்கலாம், ஆனால் வங்கி ஆப்புக்குள் போக அது செல்லாது, விரலை வைக்க வேண்டும். பிக்சல் 8 முதல் முகத் திறப்பு ஆண்ட்ராய்டின் உயர்ந்த பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்துவிட்டது, அதை ஏற்கும் ஆப்களில் முகமே போதும். இருட்டில் வேலை செய்யாது, அது உண்மை. கை ஈரமாக இருக்கும்போது, சாக்பீஸ் தூசி ஒட்டியிருக்கும்போது இதன் அருமை தெரியும் டீச்சர்.

இரண்டாவது, ஒரே வேலைக்கு இரண்டு ஆப் இருக்காது. சாம்சங்கில் ஆப் கடையே இரண்டு, உலாவி இரண்டு, படத் தொகுப்பு இரண்டு. ஒவ்வொன்றாக அடக்கி ஒழுங்குபடுத்தலாம், ஆனால் அதை நாம்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும். அப்டேட்டும் பிக்சலுக்குத்தான் முதலில் வரும்.

மூன்றாவது எல்லோருக்கும் தேவைப்படாது, ஆனால் எனக்கு முக்கியம். கிராபீன்ஓஎஸ் மாதிரி தனியுரிமைக்கென்றே செய்யப்பட்ட ஒரு மாற்று இயங்குதளம் வருடக்கணக்காகப் பிக்சலுக்கு மட்டுமே வந்திருக்கிறது. அவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் பாதுகாப்புச் சிப். நான் அதை நிறுவப் போகிறேனோ இல்லையோ, அப்படிப்பட்டவர்கள் நம்புகிற வன்பொருள் என் கையில் இருக்கிறது என்பது ஒரு நிம்மதி.


கடைசிவரிசை

அக்கா, பின்வரிசை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் நான் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது, நானும் அந்த வரிசைதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்25-இல் மூன்று கேமரா. 50 மெகாபிக்சல் முதன்மை, 12 மெகாபிக்சல் அகலக் கோணம், 10 மெகாபிக்சலில் 3 மடங்கு ஜூம். பிக்சல் 9-இல் இரண்டுதான், 50-இல் முதன்மை, 48-இல் அகலக் கோணம். அதாவது அதில் ஜூம் லென்ஸ் இல்லை. ஜூம் செய்தால் முதன்மைக் கேமராவின் நடுப்பகுதியை வெட்டித்தான் பெரிதாக்கும். 3 மடங்கு ஜூம் என்றால் நீளத்தில் மூன்றில் ஒன்று, அகலத்தில் மூன்றில் ஒன்று, ஆக மொத்தம் ஒன்பதில் ஒரு பங்கு. 50-ஐ ஒன்பதால் வகுத்தால் ஐந்தரை மெகாபிக்சல் சொச்சம். அந்த இடத்தில் எஸ்25 பத்து மெகாபிக்சலையும் முழுசாகத் தருகிறது.

கூகுள் இந்தக் குறையை வேறு வழியில் நிரப்புகிறது. நம் கை லேசாக நடுங்குவதையே பயன்படுத்தி, அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, விட்டுப்போன நுணுக்கத்தை மீட்கிற முறை. 2018-இல் பிக்சல் 3-இல் கொண்டுவந்தார்கள், கோபுரச் சிற்பம், மலை, பலகை மாதிரி அசையாத பொருளுக்கு அருமையாக வரும். ஆனால் ஆடுகிற குழந்தை ஒரு படத்தில் இங்கே இருப்பாள், அடுத்ததில் அங்கே இருப்பாள். பொருத்துவதற்கு எதுவும் ஒத்துவராது. அந்தச் சமயத்தில் நிஜ லென்ஸுக்கு ஈடில்லை.

ஆனால் எஸ்25 ஜூம் லென்ஸையும் தெய்வம் என்று நினைக்க வேண்டாம். அதன் சென்சார் மிகச் சிறியது. வெளிச்சம் குறைந்தால், நீங்கள் 3 மடங்கு என்று அழுத்தினாலும், பல போன்கள் உங்களுக்குச் சொல்லாமலே முதன்மைக் கேமராவுக்குத் தாவி அதை வெட்டிக் கொடுத்துவிடும். சோதிக்க ஒரு வழி: ஜூமில் வைத்துக்கொண்டு அந்த ஜூம் லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை கறுத்தால் அந்த லென்ஸ்தான் ஓடுகிறது, கறுக்காவிட்டால் இல்லை. மேடையில் விளக்குப் போட்டிருப்பார்கள், அதனால் உங்களுக்குப் பெரும்பாலும் உதவும். பார்வையாளர் பக்க இருட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுத்தால் உதவாது.

விடைத்தாள் விஷயம் வேறு. இன்றைய போன்களின் முதன்மைச் சென்சார் பெரிதாகிவிட்டதால், தாளைக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் நடுவில் எழுத்து கூர்மையாக இருக்கும், ஓரத்தில் கரைந்துவிடும். உங்கள் பழைய போனில் இந்தத் தொல்லை இருந்திருக்காது, புதுசில் வரும், போன் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். இரண்டடி பின்னால் போய் 2 மடங்கில் எடுங்கள், நேராகிவிடும். இது இரண்டு போனுக்கும் பொருந்தும்.

பிக்சல் 9 ஜெயிக்கிற இடம் மிகக் கிட்டத்தில் எடுக்கும் படம். அதன் அகலக் கோணக் கேமராவில் தானியங்கிக் குவியம் (ஆட்டோஃபோகஸ்) இருக்கிறது, பூவின் மகரந்தம், எறும்பு எல்லாம் எடுக்கலாம். எஸ்25-இன் அகலக் கோணத்தில் குவியம் நிலையானது, அது முடியாது.


மழைக்காகிதம்

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. கடைசிவரிசை தம்பி, ஒன்பதில் ஒரு பங்கு கணக்கை இதுவரை யாரும் இப்படிச் சொல்லி நான் படித்ததில்லை. எல்லா இடத்திலும் 'பிக்சல் 9-இல் 8 மடங்கு ஜூம் உண்டு' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

திருப்புளி அண்ணா, விசாரித்தேன். இரண்டுக்கும் அசல் பேட்டரி கிடைக்கிறது. ஆக அதிலும் முடிவு வரவில்லை.

பேட்டரி பற்றி ஒரு சந்தேகம். எஸ்25-இல் 4,000 எம்ஏஎச், பிக்சல் 9-இல் 4,700. மதியமே சிவப்பாகும் போனோடு இத்தனை நாள் அவதிப்பட்டதால் இந்த 700 கண்ணை உறுத்துகிறது.


திருப்புளி

உறுத்தத்தான் செய்யும். ஆனால் தொட்டி அளவை மட்டும் பார்க்கக்கூடாது, குழாய் எவ்வளவு இறைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எஸ்25-இன் சிப் 3 நானோமீட்டர் முறையில் செய்தது, பிக்சல் 9-இன் சிப் 4 நானோமீட்டர், இந்த எண் குறைந்தால் பொதுவாக மின்சாரச் செலவும் குறையும். திரையும், எஸ்25-இல் அசையாத பக்கத்தைப் படிக்கும்போது புதுப்பிக்கும் வேகம் நொடிக்கு ஒரு தடவை வரை இறங்கும், பிக்சல் 9-இல் 60-க்குக் கீழே இறங்காது. நீங்கள் இரவில் படிக்கிறேன் என்றீர்களே, அங்கே இது கணக்கில் வரும். அதனால் அந்த 700-இன் முன்னிலை கணிசமாகக் கரைந்துவிடும். இருந்தாலும் நாள் முழுக்க வெளியில் சிக்னல் குறைவான இடத்தில் இருப்பவர் என்றால் பெரிய தொட்டியைத்தான் சொல்வேன். நீங்கள் பள்ளியில் இருப்பவர், மேசையில் ஒரு சார்ஜர் வைத்துக்கொள்ள முடியும்.

சார்ஜ் ஏறும் வேகம் இரண்டுமே சுமார்தான். 25 வாட், 27 வாட். பெட்டியில் சார்ஜரும் வராது. இரண்டிலும் 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள், நீண்ட வெளியூர்ப் பயணத்தன்று மட்டும் எடுத்துவிடுங்கள்.


நிதானம்

அம்மா, நான் ஓய்வு பெற்றவன், இந்தச் சிப், நானோமீட்டர் எல்லாம் எனக்குத் தெரியாது. யாரும் எடை பற்றிப் பேசாதது ஆச்சரியமாக இருக்கிறது. எஸ்25 162 கிராம், பிக்சல் 9 198 கிராம் என்று இரண்டு நிறுவனத் தளத்திலும் போட்டிருக்கிறது. இப்போது உங்கள் கையில் இருப்பது 148. படுத்தபடி ஒரு மணி நேரம் படிக்கிறவருக்கு இதைவிட முக்கியமானது எது?

போன தடவை நான் மாற்றியபோது கடையில் கையில் வாங்கி அரை நிமிடம் பிடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று வாங்கிவிட்டேன். அரை நிமிடத்தில் எதுவும் தெரியாது. மூன்றாவது மாதத்தில் கட்டைவிரலின் அடியில் வலி வந்தது, மருத்துவர் போனைக் காரணம் சொன்னார். அந்தப் போன் 200 கிராமுக்கு மேல்.

வாங்காமலே சோதிக்க முடியும். சமையலறைத் தராசு இருந்தால் எடுங்கள். 14 கிராமுக்கு ஏதாவது ஒரு பொருள், 50 கிராமுக்கு ஏதாவது ஒன்று. பழைய போனின் முதுகில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வழக்கம்போல் மூன்று நாள் படியுங்கள்.


மின்னல்

ஐயா, நல்ல யோசனை. ஆனால் அளவும் மாறுமே. எஸ்25 146.9க்கு 70.5 மில்லிமீட்டர், தடிமன் 7.2. பிக்சல் 9 152.8க்கு 72, தடிமன் 8.5. அட்டையில் இந்த அளவுக்கு வெட்டி முன்னால் ஒட்டிக்கொண்டால் கட்டைவிரல் மேல் மூலைக்கு எட்டுகிறதா என்றும் தெரிந்துவிடும்.


பூட்டுச்சாவி

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டுமே வெறும் போனின் எடை. உறை போட்டால் இன்னும் இருபது முப்பது கிராம் கூடும். அது இரண்டுக்கும் பொது என்றாலும், 162 உறையோடு 190-ஐத் தொடும். இலகுவான போன் என்று நினைத்துக் கனமான உறையைப் போட்டு மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம்.


மழைக்காகிதம்

செய்துவிட்டேன். எழுதத்தான் நான்கு நாள் ஆகிவிட்டது.

மேசை டிராயரின் சாவி இரண்டு சேர்ந்து சரியாக 14 கிராம். வீட்டுச் சாவிக்கொத்தில் ஒரு வளையத்தைக் கழற்றியதும் 51 கிராம், அதுவே போதும் என்று விட்டேன். சாவி கிணுகிணு என்று சத்தம் போடாமல் இருக்கத் துணியில் சுற்றி, இரண்டு ரப்பர் பேண்ட். மகள் நோட்டு அட்டையில் இரண்டு அளவையும் வெட்டிக் கொடுத்தாள். அட்டையின் நடுவில் சதுரமாக ஓட்டை போட்டு அது வழியாகத் திரையைப் படித்தேன்.

முதல் இரவு சின்னச் சாவி. கட்டியதே மறந்துபோய் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டேன். இரண்டாவது இரவு கொத்து. முதல் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை, ஐயா சொன்ன அரை நிமிடக் கதைதான். இருபதாவது நிமிடத்தில் சுண்டுவிரலை அடியில் முட்டுக்கொடுத்திருப்பதைக் கவனித்தேன். போனின் முழுப் பாரமும் அந்த ஒரு விரலின் நடுக்கணுவில். கையை மாற்றினேன், பக்கவாட்டில் திரும்பித் தலையணையில் சாய்த்துவைத்தேன், அரை மணிக்குள் மூடிவைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மூன்றாவது இரவு மறுபடியும் கொத்தைக் கட்டிப் பார்த்தேன், களைப்பாக இருந்ததால்தான் அப்படியோ என்ற சந்தேகத்தில். அதேதான். விரலில் ஒரு சின்னப் பள்ளம் காலையில் எழுந்த பிறகும் தெரிந்தது.

அகலம் பற்றி மின்னல் சொன்னது சரி, ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர் எனக்குத் தெரியவில்லை. உயரம் தெரிந்தது. பெரிய அட்டையில் மேல் மூலையை எட்ட ஒவ்வொரு தடவையும் போனைக் கையில் வழுக்கிக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் முடிவு பண்ணவில்லை. பூட்டுச்சாவி சொன்ன முகத் திறப்பும், நெருங்கி எடுக்கும் படமும் என்னை இழுக்கின்றன, அறிவியல் வகுப்புக்கு இலை நரம்பு, பூச்சி எல்லாம் எடுக்கலாமே என்று.


புதுவரவு

இடையில் புகுந்து கேட்கிறேன். ஏன் பிக்சல் 10-ஐப் பார்க்கக்கூடாது? 2025 ஆகஸ்டில் வந்தது, அதில் 5 மடங்கு ஜூம் லென்ஸ் இருக்கிறது, சிப்பும் புதுசு.


கடைசிவரிசை

ஜூம் லென்ஸ் உண்டு, உண்மை. ஆனால் அதற்கு இடம் கொடுக்க முதன்மைக் கேமராவின் சென்சாரையும் அகலக் கோணத்தின் சென்சாரையும் 9-இல் இருந்ததைவிடச் சிறிதாக்கிவிட்டார்கள். தினமும் எடுக்கிற படத்தில் தொண்ணூறு பங்கு முதன்மைக் கேமராவில்தான் எடுக்கிறோம், அதைக் குறைத்து ஜூமைக் கூட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. 5 மடங்கு என்பதும் சிறு அரங்கில் சில சமயம் கிட்டே போய்விடும், முகம் முழுக்க வரும், கை முத்திரை வெளியே போய்விடும். நடனத்துக்கு 3 வசதி. எடை 204 கிராம், அக்காவின் சுண்டுவிரல் அதற்குச் சம்மதிக்காது.


திருப்புளி

அடுத்த மாடல் வரட்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதற்குள் பழைய போனில் பேட்டரி வீங்கினால் என்ன செய்வது? டீச்சர், உங்கள் போனின் பின்மூடி விளிம்பில் லேசாக மேடு தட்டுகிறதா என்று ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். போன மாதம் ஒருவர் திரை லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பசை போட்டு ஒட்டச் சொல்லிக் கொண்டுவந்தார். திறந்தால் பேட்டரி ஊதி நிற்கிறது. அதைப் போய் அழுத்தி ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.


மழைக்காகிதம்

தடவிப் பார்த்தேன் அண்ணா, மேடு இல்லை. நன்றி.

நேற்று ஞாயிறு, இன்னொரு வேலை செய்தேன். கடைசி ஒரு வருடத்துப் படம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் புரட்டினேன். இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கால்வாசிக்கு மேல் விடைத்தாளும் நோட்டும், எடுத்ததோடு சரி, திரும்பிப் பார்த்ததே இல்லை. பூ, இலை, பூச்சி என்று கிட்டத்தில் எடுத்தது மொத்தம் பதினொன்று. ஆசைப்படுகிற அளவுக்கு நான் அதை எடுப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மேடைப் படம் நூற்றுச் சொச்சம். அதில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. எல்லாவற்றிலும் அவள் கட்டைவிரல் உயரத்துக்கு நிற்கிறாள், பெரிதாக்கினால் முகம் மெழுகு பூசினமாதிரி. சலங்கை தெரியவே இல்லை. ஆனால் அம்மாவுக்கு அனுப்பியது, அச்சுப் போட்டுச் சுவரில் மாட்டியது, முகப்புப் படமாக வைத்தது எல்லாமே இந்த நூற்றிலிருந்துதான். சுவரில் இருக்கிற படத்தைப் போய்ப் பார்த்தேன். இரண்டு வருடமாக அங்கே தொங்குகிறது, அவளுக்குக் கண் எங்கே, புருவம் எங்கே என்று அதில் சொல்ல முடியாது, நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

எஸ்25 வாங்குகிறேன்.


பூட்டுச்சாவி

உங்களுக்கு அது சரியான தேர்வு, இரவு ஒரு மணி நேரமும் அந்த நூறு படமும்தான் காரணம் என்றால் எனக்கு மறுபேச்சு இல்லை. என் கருத்து மாறவில்லை, படுத்தபடி படிக்காதவர்கள், மேடைப் படம் எடுக்காதவர்கள் இந்த இழையைப் படித்தால் பிக்சலை ஒதுக்கிவிடாதீர்கள். டீச்சர், சாம்சங்கில் அந்தரங்கக் கோப்புறை ஒன்று தனிப் பூட்டோடு இருக்கும், வங்கி ஆப்பை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கையில் போனைக் கொடுக்க நேரும் ஆசிரியர்களுக்கு அது மிக நல்லது.


மின்னல்

வாழ்த்துகள். நான் சிப்பைப் பற்றிச் சொன்னபோது கேம் எதற்கு என்றார்கள். இன்றைக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2031-இல் ஓடப்போகிற ஆப்பும் ஆண்ட்ராய்டும் இன்னும் கனமாக இருக்கும், அப்போது இந்தக் கூடுதல் வேகம்தான் தாங்கும். அப்புறம் 128 ஜிபி வாங்காதீர்கள், இரண்டு போனிலுமே மெமரி கார்டு போட இடம் இல்லை. 256.


திருப்புளி

மின்னல் சொன்னது சரி, 256.

மாற்றும் நாளன்று அவசரப்படாதீர்கள். கேபிளால் இரண்டையும் இணைத்து எல்லாவற்றையும் நகர்த்தலாம், படமும் தொடர்பு எண்ணும் வந்துவிடும். வராதவை இரண்டு வகை. வங்கி ஆப்புகள், ஒவ்வொன்றிலும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், பலவற்றுக்குச் சிம் அந்த போனில் இருக்க வேண்டும். அப்புறம் ஆறு இலக்க எண் காட்டும் சரிபார்ப்பு ஆப், அதன் கணக்குகள் புதுசில் வந்து எண் காட்டுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். அதைப் பார்க்காமல் அழித்துவிட்டு மின்னஞ்சலுக்குள்ளேயே போக முடியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். ஒரு வாரமாவது பழைய போனை அப்படியே வைத்திருங்கள். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், அழிக்கும் முன் கூகுள் கணக்கை அமைப்புக்குள் போய் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வாங்குகிறவரிடம் அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொண்டு நிற்கக்கூடும்.


நிதானம்

மெல்லிய உறையாகப் போடுங்கள் அம்மா.


மழைக்காகிதம்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், யாராவது இதே குழப்பத்தில் வந்தால் உதவும் என்று.

256 ஜிபி, சிலிகான் உறை, தராசில் உறையோடு 183 காட்டுகிறது. சாவிக்கொத்தைக் கட்டிய பழைய போனைவிட இலகு, சுண்டுவிரலில் பள்ளம் விழவில்லை. பேட்டரியை 80-இல் நிறுத்தி வைத்திருக்கிறேன், இரவு எட்டு மணிக்கு இருபதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சனிக்கிழமை வெளியே போனால் பற்றுவதில்லை, ஆக அந்த 700-ஐ நான் உணரத்தான் செய்கிறேன், திருப்புளி அண்ணா சொன்ன மாதிரி அன்றைக்கு மட்டும் முழுசாக ஏற்றிக்கொள்கிறேன். விடைத்தாள் ஓரம் முதல் நாளே கரைந்தது. தம்பி சொல்லாமல் இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். பின்னால் போய் 2 மடங்கில் எடுக்கிறேன், அடிக்கோடு வரைக்கும் தெளிவு. சரிபார்ப்பு ஆப்பில் ஒரு கணக்கு உண்மையிலேயே வரவில்லை, பழைய போன் கையில் இருந்ததால் தப்பித்தேன்.

போன வெள்ளி ஆண்டு விழா. பதினான்காவது வரிசை. விளக்கு அணைந்திருக்கும்போது ஜூம் லென்ஸை விரலால் மூடிப் பார்த்தேன், திரை கறுக்கவில்லை. விளக்குப் போட்டதும் மறுபடியும் மூடினேன், கறுத்தது. அதற்குப் பிறகு எடுத்த முப்பதில் ஏழு நன்றாக வந்திருக்கின்றன. ஒன்றில் அவள் அரைமண்டியில் இருக்கிறாள், வலது கால் சலங்கையில் ஒரு வரிசை அறுந்து தொங்குகிறது. ஆடி முடித்து வரும்வரை அவளுக்கே அது தெரியாது. படத்தைக் காட்டித்தான் சொன்னேன்.


கடைசிவரிசை

அக்கா, அந்தப் படத்தை அச்சுப் போடுங்கள். பழையதை எடுத்துவிட்டு அந்த ஆணியிலேயே மாட்டுங்கள்.


மழைக்காகிதம்

பழையதை எடுக்க அவள் விடவில்லை தம்பி. பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்திருக்கிறேன்.